ஒரு பெயருக்கு ஏழு எழுத்துக்கூட்டல்: அயர்லாந்து நில அளவையின் பெயரேடுகள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: 1830களில் அயர்லாந்தை அளந்த பிரிட்டிஷ் ராணுவ அளவையாளர்களில் பெரும்பாலோருக்கு ஐரிஷ் மொழி தெரியாது. அப்படியானால் ஒரு நாட்டுப்புறப் பாரிஷில், அதாவது ஒரு சிறு வட்டாரத்தில், இருந்த இடப்பெயர்களை எப்படி எழுதினார்கள்? காதில் விழுந்ததை எழுதிவிட்டுப் போனார்களா? இடப்பெயர்களைப் பதிய அவர்கள் வைத்திருந்த ஏடான பெயரேட்டில், நீங்கள் பார்த்த ஒரே பக்கத்தில் ஒரே பெயர் ஏன் ஏழு விதமாக எழுதப்பட்டிருக்கிறது? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எழுத்துக்கூட்டலை யார் முடிவு செய்தார்கள் என்பது ஒன்று. அந்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதற்கான பதில் பெயருக்குப் பெயர் மாறும். அதை எடைபோடத் தேவையானதெல்லாம் நீங்கள் பார்த்த அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

முதலில், ஏன் அளந்தார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் மற்றது எளிது. 1824இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று, அயர்லாந்து முழுவதையும் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் அளக்கப் பரிந்துரைத்தது. காரணம் வரி. மாவட்டம் போன்ற கவுன்ட்டிக்கான வரியான ‘செஸ்’ அப்போது பழைய, ஒன்றுக்கொன்று பொருந்தாத பட்டியல்களை வைத்து வசூலிக்கப்பட்டது. அதைச் சீராக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு டவுன்லேண்டின் பரப்பும் எல்லையும் தெரிய வேண்டும். டவுன்லேண்ட் என்ற பெயரைப் பார்த்து நகரம் என்று எண்ணிவிடாதீர்கள். அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு அது. பல டவுன்லேண்டுகள் சேர்ந்தது ஒரு சிவில் பாரிஷ், பல பாரிஷ்கள் சேர்ந்தது ஒரு பேரனி, அதற்கு மேல் கவுன்ட்டி. நாடு முழுக்க 60,000க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள். ஒன்று சில ஏக்கர்தான் இருக்கும். இன்னொன்று ஆயிரக்கணக்கில் போகும். ஆக, பெயரை ஒழுங்காக எழுத வேண்டும் என்ற அக்கறை தொடக்கத்தில் பண்பாட்டிலிருந்து வரவில்லை. வரிச்சீட்டில் ஒரு பெயரும் வரைபடத்தில் வேறு பெயரும் இருந்தால் வழக்கு வரும் என்ற பயத்திலிருந்து வந்தது.

அளவைப் படை ஒரு பாரிஷுக்கு வந்து சேருமுன்பே எல்லைத் துறை அங்கு வந்து போயிருக்கும். 1825இலிருந்து ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் இயங்கிய இந்தத் துறையின் ஆட்கள், எல்லை தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரை முன்னே நடக்கவிட்டு, ஒவ்வொரு டவுன்லேண்டையும் சுற்றி வந்து கைப்படம் வரைந்தார்கள். அந்தக் கைப்படத்தில் எழுதிய பெயர்தான் அளவைக்காரர்கள் கைக்கு முதலில் வந்த பெயர். இதை நினைவில் வையுங்கள். பக்கத்தில் ‘பி.எஸ். ஸ்கெட்ச் மேப்’ என்று குறித்திருப்பது இதைத்தான். எல்லை காட்டியவர் வாயால் சொன்னதை, எல்லை வரைய வந்தவர் தன் போக்கில் எழுதியது அது. எல்லையைப் பொறுத்தவரை அது முதல்தரச் சான்று; எழுத்துக்கூட்டலைப் பொறுத்தவரை அந்தத் தகுதி அதற்கில்லை.

அதன்பின் அளவைப் படை வந்தது. அதன் தலைவர் தாமஸ் கோல்பி 1825இல் தன் ஆட்களுக்குக் கொடுத்த அறிவுறுத்தலில் பெயர்களுக்கென்றே தெளிவான விதி இருந்தது. ஒவ்வொரு பாரிஷுக்கும் பெயரேடு வைக்க வேண்டும். பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் ஐந்து பத்திகள். முதல் பத்தியில், பொதுவாக எப்படி எழுதப்படுகிறதோ அப்படி அந்தப் பெயர். இரண்டாவதில், நூல்களிலும் ஆவணங்களிலும் காணப்படும் மற்ற எழுத்துக்கூட்டல்கள் எல்லாம். மூன்றாவதில், ஒவ்வொன்றுக்கும் நேரெதிரே அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற சான்று. நான்காவதில், அந்த இடம் எங்கே இருக்கிறது என்பது. ஐந்தாவதில், சிறு விவரிப்பு: மண் எப்படி, யாருடைய நிலம், கோட்டையோ பாழடைந்த தேவாலயமோ இருக்கிறதா என்பதுபோல. உங்களைக் குழப்பிய ஏழு எழுத்துக்கூட்டல்களும் இரண்டாம் பத்தியிலிருந்து வந்தவை. எழுதியவர் தடுமாறியதால் வந்தவை அல்ல. தடுமாறாமல் எல்லாவற்றையும் பதிந்ததால் வந்தவை.

மூன்றாம் பத்தியின் சுருக்கெழுத்துகளை வாசிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. ‘டி.எஸ்.’ என்றால் டவுன் சர்வே (இந்த ‘டவுன்’ நகரத்தையோ டவுன்லேண்டையோ குறிப்பதல்ல). வில்லியம் பெட்டி 1650களில் நடத்திய அளவை அது. பறிமுதல் செய்யப்பட்ட நிலங்களைப் பங்கிடுவதற்காக நடந்தது என்பதால் பறிமுதலாகாத நிலங்களின் பெயர்கள் அதில் சரியாகக் கிடைக்காது. ‘இன்க்.’ என்று தொடங்கி ஒரு மன்னர் பெயருடன் வருவது, பதினேழாம் நூற்றாண்டில் நிலவுடைமை பற்றி நடந்த விசாரணைப் பதிவு. அது லத்தீனில் எழுதப்பட்டது. பெயரின் வால் லத்தீன் இலக்கணத்துக்கேற்ப வளைந்திருக்கலாம். ‘கவுன்ட்டி மேப்’ என்பது கவுன்ட்டி நிர்வாகத்தைக் கவனித்த குழுவான உள்ளூர் கிராண்ட் ஜூரி செலவில் வரைந்த பழைய வரைபடம். மேற்கிலுள்ள மேயோ கவுன்ட்டிக்கு வில்லியம் பால்டு வரைந்து 1830இல் வெளியானது இவ்வகையில் நல்ல ஒன்று. இவற்றோடு செஸ் வசூல் ஏடு, தேவாலயத்துக்குரிய டைத் வரி ஏடு, பாதிரியார், நிலக்கிழாரின் ஏஜென்ட், குத்தகைப் பத்திரம் எல்லாம் வரும். ‘லோக்கல்’ என்று ஒரு வரி இருந்தால் அங்கே நின்று நிதானியுங்கள். ஊர் மக்கள் வாயில் அந்தப் பெயர் எப்படி ஒலித்தது என்பதற்குப் பக்கத்தில் உள்ள நேரடிச் சான்று பெரும்பாலும் அது ஒன்றுதான்.

நிரப்பிய ஏடு டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் இருந்த தலைமையகத்துக்குப் போனது. அங்கே 1828 முதல் பொறுப்பில் இருந்தவர் தாமஸ் லார்கம். பட்டியல் மட்டும் போதாது, அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஐரிஷ் தெரிந்தவர் வேண்டும் என்று புரிந்துகொண்டவர் அவர். தானே ஐரிஷ் கற்கவும் முயன்றார். அகராதிக்காரர் எட்வர்ட் ஓ’ரெய்லியை முதலில் அமர்த்தினார்கள். அவர் 1830இலேயே இறந்துவிட, அந்த இடத்துக்கு ஜான் ஓ’டோனவன் வந்தார். கில்கென்னிக் கவுன்ட்டியில் 1806இல் பிறந்தவர், அப்போது வயது இருபத்து நான்கு. 1834இலிருந்து அவரே ஊர் ஊராகப் போனார். வயதான ஐரிஷ் பேச்சாளர்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். ஐரிஷ் வடிவத்தையும் அதன் பொருளையும் ஏட்டில் எழுதி, வரைபடத்தில் ஏற வேண்டிய ஆங்கில வடிவத்தையும் பரிந்துரைத்தார். பக்கத்தில் ‘ஜே.ஓ’டி.’ என்று கண்டால் அது அவர் கை. டப்ளினில் தொல்பொருள் அறிஞர் ஜார்ஜ் பெட்ரியின் மேற்பார்வையில் யூஜின் ஓ’கரி போன்ற ஐரிஷ் அறிஞர்கள் பழைய சுவடிகளிலிருந்து பெயர்களை எடுத்து அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் கைக்கொண்ட விதியைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியம். ஐரிஷ் எழுத்துமுறையிலேயே வரைபடத்தில் எழுதவில்லை. புதிதாக ஓர் ஒலிபெயர்ப்பு முறையை உருவாக்கிப் பெயர்களை அதற்குள் திணிக்கவும் இல்லை. ஏற்கெனவே புழங்கும் ஆங்கில எழுத்துக்கூட்டல்களில் எது மூல ஐரிஷ் வடிவத்துக்கு மிக நெருக்கமோ அதை எடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை உச்சரிப்புக்கேற்ப மாற்றி அரசாணை வந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டதே, நினைவிருக்கும். ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு புழக்கத்தை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது போதும். லார்கமின் விதி பழையதை முற்றாக உதறவில்லை. பழையதில் நல்லதைப் பொறுக்கியது. அதனால்தான் அந்த எழுத்துக்கூட்டல்கள் நிலைத்தன என்பது என் கணிப்பு.

விளக்கத்துக்காக நானே கோத்த ஒரு பக்கத்தைப் பாருங்கள். ‘குதிரைகளின் குன்று’ என்று பொருள்படும் ஒரு டவுன்லேண்ட். குன்றுக்கு ஐரிஷில் ‘க்னொக்’, குதிரைக்கு ‘கபல்’. ஆங்கில எழுத்தில் பெயர் ‘நாக்நகபுல்’ என்பதுபோல் வரும். டவுன் சர்வேயில் நடுவே ‘நே’, கடைசியில் இரண்டு ‘எல்’. ஏஜென்ட் எழுதியது ஆப்பிள் பழத்தை நினைவூட்டும் வால். செஸ் ஏட்டில் ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஓ’. கைப்படத்தில் முதல் சொல் ‘நாக்’ ஆக இல்லாமல் ‘க்ராக்’. இந்த நான்கில் எது தவறு? ஒருவகையில் எதுவுமே இல்லை. வட அயர்லாந்துப் பேச்சில் ‘க்ன’ என்று தொடங்கும் சொல் ‘க்ர’ என்றுதான் ஒலிக்கும். ஆக ‘க்ராக்’ என்று எழுதியவர் காது நல்ல காது. ஓ’டோனவன் மேசைக்கு வரும்போது, சொல்லின் வரலாற்றைக் காட்டும் ‘நாக்’ எடுக்கப்பட வாய்ப்பு அதிகம். ஆனாலும் வடக்கே பல இடங்களில் ‘க்ராக்’ வரைபடத்திலேயே நின்றுவிட்டது. ‘நாக்’ என்று நாம் படிக்கும் அந்தச் சொல்லின் தலையில் ஊமையாக ஒரு ‘கே’ நிற்கிறதே, அது ஐரிஷில் ஊமை இல்லை. ஆங்கிலேயர் வாயில் செத்துப்போன ஒலி எழுத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

அதே எடுத்துக்காட்டில் இன்னொன்றும் இருக்கிறது. ‘கபல்’ என்ற சொல்லின் முதல் ஒலி ‘கே’. ஆனால் எல்லா எழுத்துக்கூட்டல்களிலும் அங்கே ‘ஜி’ வருகிறது. நம் மொழியில் இரண்டு சொற்கள் புணரும்போது சந்தியில் எழுத்து தோன்றும், திரியும், கெடும். ஐரிஷில் இலக்கணச் சூழலுக்கேற்ப இரண்டாம் சொல்லின் முதல் ஒலியே மாறும். ‘குதிரைகளின்’ என்று பன்மையில் வேற்றுமை ஏறியதும் ‘கே’ ஒலி ‘ஜி’ ஆகிவிடுகிறது. பாதிரியாருக்கு ‘சகர்த்’; ஆனால் ‘பாதிரியாரின் ஊர்’ என்பது பாலின்டேகர்ட் ஆகிறது. ‘ச’ போய் ‘ட’ வந்தது அளவைக்காரரின் பிழை இல்லை, ஐரிஷ் இலக்கணம். இதை அறியாமல் டேகர்ட் என்று ஓர் ஆள் இருந்தான் என்று கதை கட்டுபவர்கள் இன்றும் உண்டு.

உண்மையான ஆபத்து, வெவ்வேறு ஐரிஷ் சொற்கள் ஒரே ஆங்கில உருவில் போய் விழும் இடங்களில் இருக்கிறது. தேவாலயத்துக்கு ‘கில்’, காட்டுக்கான சொல் நம் குயிலை ஒட்டி ஒலிக்கும். ஆங்கிலக் காதுக்கு இரண்டும் ‘கில்’. கில்டேர் என்பது கருவாலி மரத்துத் தேவாலயம். லீட்ரிம் கவுன்ட்டியின் கில்ட்டிக்ளாஹர் காடுகளால் பெயர் பெற்றது. பழைய வரிப்பட்டியலை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. ஐரிஷ் பேசுபவர் சொல்லிக் கேட்க வேண்டும், அல்லது அங்கே பழைய இடுகாடோ தேவாலயச் சுவரோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘பாலி’ இன்னும் மோசம். பாலிமீனாவில் அது ஊர் என்று பொருள்படும் ‘பால்ய’. மேயோவின் பாலினாவில் அது ஆற்றைக் கடக்கும் துறையின் வாய். பாலிக்ளேரில் அது வழி அல்லது கணவாய். மூன்றுக்கும் தலையில் ஒரே நான்கெழுத்து. மறுதலையும் உண்டு: சமவெளிக்கான ஒரே சொல் டோனிகாலில் ‘மஃப்’ என்றும், டைரோனில் ‘மோய்’ என்றும், மேயோ என்ற பெயரில் ‘மே’ என்றும் நிற்கிறது. கால்பங்கு நிலத்தைக் குறிக்கும் சொல் மேற்கே கானக்டில் ‘கேரோ’, தெற்கே மன்ஸ்டரில் ‘கர்ஹூ’. ஓ’டோனவன் இப்படிப்பட்ட வட்டார வேறுபாடுகளைப் பெரும்பாலும் தட்டி நேராக்காமல் விட்டார். எனக்குப் பிடித்தது ஆர்மாவில் உள்ள டான்ட்ரகீ. பொருள் ‘காற்றுக்குப் பிட்டம் காட்டி நிற்பது’. அதே பெயர் வேறு இடங்களில் டான்லகீ என்று எழுதப்படுகிறது. இரண்டும் ஒரே நிலத்தோற்றத்தைச் சொல்கின்றன என்பதை வரைபடம் மட்டும் வைத்திருப்பவர் கண்டுபிடிக்க மாட்டார்.

எங்கே தவறும் என்பதையும் சொல்ல வேண்டும். முதலாவது, படியெடுப்பு. பழைய கையெழுத்தில் ‘என்’னும் ‘யூ’வும் ஒன்றுபோல இருக்கும், ‘சி’யும் ‘டி’யும் மயங்கும், நீண்ட ‘எஸ்’ஸை ‘எஃப்’ என்று படிப்பார்கள். இப்படிப் பிறந்த பேய்ப்பெயர்கள் ஓர் ஆவணத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும். அதனால் நான்கு சான்றுகள் ஒரே எழுத்துக்கூட்டலைச் சொல்கின்றன என்று மகிழாதீர்கள். மூன்று பேர் முதலாமவரைப் பார்த்து எழுதியிருக்கலாம். இரண்டாவது, நிலக்கிழாரின் ஆசை. தன் மாளிகைக்கு வைத்த ஆங்கிலப் பெயர் நிலத்துக்கே ஏற வேண்டும் என்று ஒருவர் விரும்பினால் அதைத் தள்ளுவது எளிதல்ல. சில இடங்களில் இரண்டு பெயரையும் நடுவே ‘அல்லது’ போட்டு எழுதிச் சமாளித்தார்கள். மூன்றாவது, எல்லைத் துறையின் கத்தரி. மிகப் பெரிய டவுன்லேண்டை வடக்கு, தெற்கு என்றோ மேல், கீழ் என்றோ வெட்டினார்கள். மிகச் சிறியவற்றைப் பக்கத்து நிலத்தோடு சேர்த்தார்கள். சேர்க்கப்பட்டதன் பெயர் வரைபடத்தில் ஏறவில்லை. ஒரு பழைய பெயரை எங்கே தேடியும் காணவில்லை என்றால், எழுத்துக்கூட்டல் மாறியிருக்குமோ என்று ஆராயுமுன் இந்தக் கத்தரியைச் சந்தேகியுங்கள். வயலுக்கும் பாறைக்கும் சுனைக்கும் மக்கள் வைத்திருந்த குட்டிப் பெயர்களில் பெரும்பகுதியும் ஏடேறவில்லை.

இனி நம்பகத்தன்மை. உறுதியாகச் சொல்லக்கூடியது: வரைபடத்தில் உள்ள வடிவம் அதற்கு முன்பே புழங்கிய வடிவங்களிலிருந்து தேர்ந்தது, தேர்ந்த முறைக்குச் சான்று ஏட்டிலேயே இருக்கிறது. 1980இல் டெர்ரியில் அரங்கேறிய புகழ்பெற்ற நாடகம் ஒன்றைப் பார்த்தவர்களுக்கு, சிப்பாய்கள் வந்து ஒவ்வொரு ஐரிஷ் பெயரையும் ஆங்கிலத்தில் புதிதாக உருவாக்கினார்கள் என்ற எண்ணம் வரும். நாடகமாக அது வேறு சங்கதி. வரலாற்றில் பெயர்களின் ஆங்கிலமயமாக்கல் பெரும்பாலும் 1830களுக்கு நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நிலப்பத்திரங்களிலும் நீதிமன்றப் பதிவுகளிலும் நடந்து முடிந்திருந்தது. அளவை செய்தது அந்த வடிவங்களில் ஒன்றை அரசாங்க முத்திரையோடு நிலைநிறுத்தியது. அதுவும் சிறிய காரியமில்லை; அதன் பிறகு மற்ற வடிவங்கள் தேய்ந்து மறைந்தன.

ஐயத்துக்குரியது ஓ’டோனவன் எழுதிய ஐரிஷ் மூலம். ஐரிஷ் உயிரோடு பேசப்பட்ட மேற்குக் கவுன்ட்டிகளில், உள்ளூர் வாயிலிருந்து கேட்டு எழுதியது என்பதால் அதற்கு மதிப்பு மிக அதிகம். கிழக்கே ஐரிஷ் பேச்சு ஓய்ந்துபோயிருந்த பாரிஷ்களில் அவர் எழுதியது ஒரு பேரறிஞரின் ஊகம். நல்ல ஊகம், ஆனால் ஊகம். மேலும், ஆறங்குல வரைபடங்களில் முதலாவதான லண்டன்டெரி 1833இலேயே வெளியாகிவிட்டது. அவர் களத்துக்குப் போனது 1834இல். கடைசியாக 1846இல் வந்த கெர்ரியின் ஏட்டுக்கும் இதற்கும் பின்னால் இருக்கும் உழைப்பை ஒரே தட்டில் வைக்க முடியாது. உங்கள் பாரிஷ் எந்தக் கவுன்ட்டியில், எந்த ஆண்டில் முடிந்தது என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி 1861இல் அச்சான டவுன்லேண்ட் அகரவரிசையில் உங்கள் பெயரைக் கண்டு, பாரிஷ், பேரனி, கவுன்ட்டி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பல டவுன்லேண்டுகள் இருக்கும். இந்த மூன்றும் இல்லாமல் பெயருக்கு மதிப்பில்லை. பிறகு பெயரேட்டின் பக்கத்துக்குப் போய், எழுத்துக்கூட்டல்களைச் சான்றின் கால வரிசைப்படி மறுபடி எழுதுங்கள். ஏட்டில் அவை கால வரிசையில் இருக்காது. மிகப் பழையதையும் ‘லோக்கல்’ வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே அசை எண்ணிக்கையும் ஒரே மெய்யொலிகளும் கொண்டிருந்தால் நடுவில் உள்ள திரிபுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டும் முரண்பட்டால், உள்ளூர் உச்சரிப்பில் எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்று தேடுங்கள். ஐரிஷ் கூட்டுப்பெயரில் அழுத்தம் பெரும்பாலும் பொருளைக் குறிக்கும் பின்பகுதியில் விழும். அதன் பிறகுதான் ஓ’டோனவன் எழுதிய ஐரிஷ் வடிவத்தைப் பாருங்கள். கடைசியாக அயர்லாந்து இடப்பெயர்த் துறையின் இன்றைய முடிவோடு ஒப்பிடுங்கள். எல்-ஓ-ஜி-ஏ-ஐ-என்-எம் என்று எழுதப்படும் அவர்களின் தரவுத்தளத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது; பல பெயர்களுக்குப் பழைய சான்றுகளின் பட்டியலும் உண்டு. வட அயர்லாந்து என்றால் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் இடப்பெயர்த் திட்டம்.

நீங்கள் கடைசியில் கேட்ட ஸ்காட்லாந்து பற்றி: அங்கும் இதே ஐந்து பத்தி ஏடுதான், காலம் சற்றுப் பிந்தியது. பெயருக்கு எதிரே சான்று சொன்னவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். பொதுவாக நிலவுடைமையாளர், பாதிரியார், பள்ளி ஆசிரியர் போன்றவர்கள். அங்கே ஐரிஷின் உறவுமொழியான கேலிக் பேசிய குடியானவரின் குரல் இந்த வரிசையில் எவ்வளவு ஏறியது என்பதைப் பாரிஷ் பாரிஷாகத்தான் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் ஏடுகளில் பெரும்பாலானவை 1940இல் சவுத்தாம்ப்டன் குண்டுவீச்சில் எரிந்துபோயின. வடக்குக் கவுன்ட்டிகள் சிலவற்றுக்கும் ஹாம்ப்ஷயருக்கும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. உங்கள் பாரிஷ் மற்ற இடங்களில் இருந்தால் டைத் வரைபடத்திலிருந்து தொடங்குவதே வழி.